உட்லண்ட்ஸ் பக்கத்துக் காடும் நம் பால்மரங்களும்

மரத்தோடு மரமாக நின்று வயிறு வளர்க்கிற நமக்குக் காடு பார்க்கப் போவது ஒரு கேடா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். "விடியுமுன்னே பிரட்டுக்கு எழுந்து ஆறு நாளும் தீம்பாரிலே கிடக்கிறோம். ஏழாவது நாளும் மரத்தைத்தான் பார்க்கணுமா, தம்பி?" என்று எங்கள் கிளைக் கூட்டத்தில் ஒரு மூத்த தோழர் கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் இது சிரித்துவிட்டு விட்டுவிடக் கூடிய கேள்வியன்று. ஓய்வு நாள் என்பது சங்கம் போராடி வாங்கிக் கொடுத்த நாள். அதை எப்படிச் செலவிடுவது என்று யோசிப்பதும் சங்கத்தின் வேலையே.

ஜொகூரிலே இருக்கிற நம் கிளைகள் உல்லாசப் பயணம் என்று புறப்பட்டால் பஸ் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. நேரே சிராங்கூன் ரோடு. வீரமாகாளியம்மன் கோவிலில் ஒரு கும்பிடு, வாழையிலைச் சாப்பாடு, முஸ்தபாவில் நாலு சாமான், நகைக்கடைக் கண்ணாடியில் ஒரு பெருமூச்சு, பிறகு வீடு. நான் அதைக் குறை கூறவில்லை. நம் பெண்களுக்கு அந்த ஒரு நாள்தான் வருஷத்தில் சொந்த நாள். ஆனால் அந்த பஸ் கடற்பாலத்தைத் தாண்டிச் சோதனைச் சாவடியை விட்டு வெளியே வந்ததும் முதலில் மிதிக்கிற மண் எது? உட்லண்ட்ஸ். ஐந்து நிமிஷத்தில் அதைக் கடந்து விடுகிறோம். யாரும் தலையைத் திருப்பிப் பார்ப்பதில்லை. அடுக்குமாடி வீடுகள்தானே என்று நினைக்கிறோம். நான் சொல்வது, அங்கேதான் இறங்க வேண்டும் என்பது.

உட்லண்ட்ஸ் என்றால் காட்டு நிலம் என்று பொருள். ஒரு காலத்தில் ஜொகூர் கரையில் நின்று தெற்கே பார்த்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் மரம்தான். பக்கத்திலே இருக்கிற கிராஞ்சி என்ற பெயரும் ஒரு மரத்தின் பெயரே. 1903-ல் சிங்கப்பூர் ரயில் பாதை இந்தக் கரை வரையில் வந்தது. அதற்கப்பால் படகில்தான் ஜொகூருக்கு வர வேண்டும். 1923-ல் கடற்பாலத்தின் மேல் ரயில் ஓடிற்று. 1924 ஜூன் மாதம் முறைப்படி திறப்பு விழா நடந்தது. 1942 ஜனவரி 31-ந் தேதி பின்வாங்கிய பிரிட்டிஷ் படை அதே பாலத்தை வெடி வைத்து உடைத்தது. பத்து நாளைக்குள் ஜப்பானியர் கிராஞ்சிக் கரையில் ஏறி விட்டார்கள். இவையெல்லாம் பள்ளிப் புத்தகத்தில் இருக்கிற விஷயங்கள். புத்தகத்தில் இல்லாதது, அந்தக் காட்டு நிலத்தைக் காடாக இல்லாமல் செய்தது யார் கை என்பது.

முதலில் வெட்டியது நாமல்ல. ரப்பருக்கு முந்தி இந்தப் பக்கமெல்லாம் காம்பியரும் மிளகும் பயிரிட்டார்கள். சீனக் கூலிகள்தாம் உழைத்தவர்கள். காம்பியர் இலையைப் பெரிய சட்டியில் போட்டு மணிக்கணக்காகக் காய்ச்ச வேண்டும். அதற்கு விறகு வேண்டும். தோட்டத்தைச் சுற்றியிருந்த காடு அடுப்பிலே போயிற்று. சில வருஷத்தில் மண் வற்றியதும் தோட்டத்தை அப்படியே போட்டுவிட்டு அடுத்த காட்டுக்குள் புகுந்தார்கள். விட்டுப் போன மண்ணில் லாலான் புல் மண்டியது. புலியும் சும்மா இருக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தக் கூலிகளில் எத்தனையோ பேர் புலிக்கு இரையானார்கள். சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப் புலியைச் சுட்டது 1930-ல். புலியைச் சுட்டவனோடு படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். புலி தின்ற கூலிக்குப் படம் ஏது?

பிறகு ரப்பர் வந்தது. 1877-ல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பதினோரு வருஷம் கழித்துத் தாவரவியல் தோட்டத்துக்கு அதிகாரியாக வந்த ரிட்லி துரைதான் அதைப் பயிராக்க வேண்டுமென்று பிடிவாதமாக நின்றவர். சட்டைப் பையில் ரப்பர் விதையை வைத்துக்கொண்டு கண்ட துரையிடமெல்லாம் நீட்டுவாராம். பைத்தியக்கார ரிட்லி என்றே பட்டம் வைத்தார்கள். மரத்தின் கட்டையைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவினால் பட்டை திரும்ப வளரும், அதே இடத்தில் மறுபடியும் வெட்டலாம் என்று கண்டவர் அவர். இன்று நாம் கையில் பிடிக்கிற உளிக்கும் பட்டைக்கும் உள்ள கணக்கு அவர் பார்த்த கணக்கு. அதை நான் மறுக்கவில்லை. மனிதர் 1956-ல் நூறு வயதைத் தாண்டி இறந்தார். முதன் முதலாக 1896-ல் மலாக்காவில் துணிந்து ரப்பர்த் தோட்டம் போட்ட டான் சாய் யானின் பெயரையும் யாரும் மறக்கவில்லை. மறந்தது வேறு ஆட்களை.

ஒரு ஏக்கர் காட்டை ரப்பருக்குத் தயார் செய்வதென்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. மரத்தை அறுத்துச் சாய்த்து, காய விட்டு, தீ வைத்து, வேரைத் தோண்டி, சரிவில் தட்டு வெட்டி, பிறகு குழி எடுத்துக் கன்று நடவேண்டும். காட்டைத் திறந்ததும் ஓடைத் தண்ணீரில் வெயில் விழும். வெயில் விழுந்த ஓடையில் மலேரியாக் கொசு பெருகும். தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள் லயத்திலே வரிசையாகக் காய்ச்சலில் படுத்தார்கள். கிள்ளானில் 1901 முதல் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் சதுப்பை வடித்து, வாய்க்கால் வெட்டிக் காட்டிய பிறகுதான் மலாயாவில் இந்தச் சாவு குறைய வழி பிறந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் நின்றது. கங்காணி மூலம் ஆள் கட்டும் முறை 1938-ல் இந்திய சர்க்கார் தடை போட்ட பிறகு நின்றது. இடையில் எத்தனை பேர் காட்டுக்கு உரமானார்கள் என்று செக்ரோலில் கணக்கு வைக்கிற எவனும் வைக்கவில்லை. நானும் செக்ரோல் எழுதுகிறவன் என்பதால் சொல்கிறேன்: பெயரை அடிக்க ஒரு கோடு போதும்.

உட்லண்ட்ஸ், மார்சிலிங், மண்டாய், செம்பவாங், நீ சூன் ஆகிய இந்த வடபகுதி முழுவதும் இப்படித்தான் ரப்பர் மண்ணாயிற்று. ரப்பருக்கும் அன்னாசிக்கும் பேர் போன லிம் நீ சூன் என்னும் சீனப் பெருமுதலாளியின் பெயரையே ஒரு வட்டாரத்துக்கு வைத்தார்கள். அதை மாண்டரினில் உச்சரித்து இன்று ஈசூன் என்கிறார்கள். செம்பவாங்கில் ரப்பர்க் காடாகவும் சதுப்பாகவும் கிடந்த நிலத்தில் கடற்படைத் தளம் எழுந்து 1938-ல் திறக்கப்பட்டது. நம்மவர்கள் பலர் உளியை வைத்துவிட்டுச் சுத்தியலைப் பிடித்தார்கள். தமிழரும் மலையாளிகளும் அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1952-ஆம் ஆண்டின் இறுதியில் கடற்படைத் தளத் தொழிலாளர் சங்கம் நடத்திய வேலைநிறுத்தம் தொழிற்சங்கச் சரித்திரத்தில் இடம் பெற்ற ஒன்று. 1970-களின் தொடக்கத்தில் மார்சிலிங் பக்கம் அடுக்குமாடி வீடுகள் எழும்பத் தொடங்கின. இன்று உட்லண்ட்ஸ் நகரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் குடியிருக்கிறார்கள்.

அப்படியானால் காடு எங்கே மிஞ்சியது என்று கேட்பீர்கள். மிஞ்சியது தண்ணீரால். இதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். காட்டின் மேல் பிரியம் வைத்து யாரும் ஆதியில் அதைக் காப்பாற்றவில்லை. நகரத்துக்குக் குடிதண்ணீர் வேண்டியிருந்தது. மெக்ரிச்சி நீர்த்தேக்கம் 1868-ல் வந்தது. பிறகு பியர்ஸ், அதன் பிறகு மண்டாய்க்குப் பக்கத்திலே சிலேத்தார். சிலேத்தாரை விரிவாக்கி 1969-ல் திறந்தார்கள். நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள மேட்டில் மரம் இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் மண்ணை அடித்துக்கொண்டு வந்து நீரைச் சேறாக்கும். ஆகவே அங்கே கோடரி போகக் கூடாதென்று வேலி போட்டார்கள். 1951-ல் இயற்கைக் காப்புச் சட்டமும் வந்தது. இப்படித்தான் தீவின் நடுவிலே இரண்டாயிரம் ஹெக்டாருக்கும் மேற்பட்ட காடு நின்றுவிட்டது. அதிலும் ஆதிக் காடு கொஞ்சம்தான். தீவு முழுவதையும் எடுத்தால் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் வெட்டிய பிறகு தானாக வளர்ந்தது.

தானாக வளர்ந்த காட்டிலும் சாதி இருக்கிறது. காடு ஆராய்கிறவர்கள் அதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று, மண்ணைப் புரட்டிப் போட்டு வெறுமையாக விட்ட இடத்தில் முளைப்பது. பறவையும் காற்றும் கொண்டு வந்த விதை, அதிகமாக அல்பிசியா. வெள்ளைத் தோல், உயரமான கழுத்து, மழைக் காற்றில் கிளை முறிந்து விழும். மற்றொன்று, கைவிட்ட தோட்டத்தில் வளர்வது. அங்கே ரம்புத்தானும் டுரியானும் பலாவும் நிற்கும். பால்மரமும் நிற்கும். யாரும் வெட்டாத பால்மரம், தன் காயைத் தானே வெடித்து, தன் கன்றைத் தானே வளர்த்துக்கொண்டு நிற்கும். அது நம் காடு.

இந்த இரண்டாந்தரக் காட்டைக் காடே அல்ல என்று சொல்லுவோர் உண்டு. அவர்களுக்கு 2021-ல் ஒரு பதில் கிடைத்தது. கிராஞ்சியில், பழைய ரயில் பாதையை ஒட்டி வளர்ந்திருந்த அல்பிசியாக் காட்டில், அனுமதி கிடைக்குமுன்னே நாலரை ஹெக்டாரைப் புல்டோசர் வைத்துத் தள்ளிவிட்டார்கள் என்ற செய்தி வெளியானது. வெட்டுவதற்கு ஏற்கனவே திட்டம் போட்ட நிலம்தான் அது. ஆனாலும் மேலிருந்து எடுத்த படத்தில் அந்த மொட்டை மண்ணைப் பார்த்துச் சாதாரண ஜனங்கள் கொதித்தார்கள். நில அதிகாரிகள் பகிரங்கமாக விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. விதை போட்டவன் இல்லாத காட்டுக்காகவும் வாய் திறக்க ஆள் இருந்தார்கள். நம் தோட்டத்து மரம் சாயும்போது நாம் வாய் திறந்தோமா என்று எனக்குத் தோன்றியது.

சென்ற மாதம் எங்கள் கிளையிலிருந்து ஒரு பஸ் பிடித்து நாற்பது பேர் மண்டாய்ப் பக்கம் போனோம். காட்டை ஒட்டிப் போகும் நடைபாதை. வெயில் தலைக்கு ஏறவில்லை. பிள்ளைகள் முன்னே ஓடினார்கள். எங்களோடு வந்தவர்களில் ஒரு பெரியம்மா, வயது எழுபதுக்கு மேல், பன்னிரண்டு வயதில் மங்கு துடைக்கப் போனவர், முப்பத்தைந்து வருஷம் பால் வெட்டியவர். பேச்சு அதிகமில்லாத மனுஷி. பாதையோரத்தில் ஒரு மரத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கொடி சுற்றி, பாசி படர்ந்து, அடி பெருத்து, எங்களுக்கு அது ஏதோ காட்டு மரம். அவர் கையை நீட்டிப் பட்டையைத் தடவினார்.

"கித்தா மரம்" என்றார்.

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். அடிமரத்தில் இடுப்பளவு உயரத்துக்கு முண்டும் முடிச்சுமாக இருந்தது. அவர் விரலால் கோடு போட்டுக் காட்டினார். இடப்புறம் மேலே தொடங்கி வலப்புறம் கீழே சரிகிற கோடு. பால்குழாய் பட்டைக்குள்ளே சாய்ந்து ஓடுவதால் அப்படி வெட்டினால்தான் பால் அதிகம் இறங்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அறுபது எழுபது வருஷத்துக்கு முந்திய வெட்டைத் தோலின் மேல் தடவிப் படிக்க யாருக்குத் தெரியும்? "இது பாரு, நல்ல கை. காயமே இல்லே. இந்தப் பக்கம் வேறே ஆளு வெட்டியிருக்கு, கட்டையிலே உளி பட்டு முண்டு முண்டாப் போச்சு. சின்னப் பிள்ளை வெட்டாயிருக்கும். எட்டலே, பாரு, கோணல் போகுது" என்றார். பிறகு திரும்பிப் பார்த்து, "நிரை தப்பலே, தம்பி. அந்தா ஒண்ணு, அதுக்குப் பின்னாலே ஒண்ணு" என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. புதர்க் காட்டுக்கு நடுவே, இடையிடையே சில மரம் விழுந்து போயிருந்தாலும், ஒரே நேராக ஒரு நிரை மேட்டின் மேல் ஏறிப் போயிற்று. கயிறு பிடித்து நட்ட நிரை. நட்டவன் போய்விட்டான், வெட்டினவன் போய்விட்டான், முதலாளியும் போய்விட்டான். தோட்டத்தின் பெயர்கூட அங்கே இல்லை. நிரை மட்டும் நின்றது. எங்கள் பிள்ளைகளில் ஒருவன் அந்த மரத்தை எண்ணத் தொடங்கினான். பெரியம்மா அதட்டினார்: "எண்ணாதேடா, கங்காணி வந்து உன் பேரிலே எழுதிடுவான்." அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

காட்டில் வேறு பல சங்கதிகளும் உண்டு. மண்டாயில் கடமான் திரிகிறது. 1970-களில் மிருகக்காட்சிசாலையிலிருந்து தப்பியோடிய மான்களின் வம்சம் என்கிறார்கள். கூண்டை விட்டு ஓடினவை காட்டிலே குடும்பம் வைத்துவிட்டன. எனக்கு அவற்றின் மேல் தனி மரியாதை. மிருகங்கள் கார் அடிபடாமல் சாலையைத் தாண்டுவதற்கென்று மண்டாய் ஏரி ரோட்டின் மேல் 2019-ல் ஒரு பாலம் கட்டி, அதன் மேல் மரமும் நட்டிருக்கிறார்கள். அலுங்கும் சருகுமானும் கடவுச்சீட்டு இல்லாமல், வரிசையில் நிற்காமல் பாலம் தாண்டுகின்றன என்று எங்கள் டிரைவர் சொன்னார். தினம் விடியற்காலை மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் தாண்டி வேலைக்குப் போகிற நம் பிள்ளைகளை நினைத்துச் சொன்னது அது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். காடு பார்ப்பது வெறும் காற்று வாங்குவதற்கன்று. நம்முடைய உழைப்பு எந்த மண்ணில் எந்த உருவத்தில் மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பதற்கு. கிராஞ்சியில் யுத்த நினைவுச் சின்னம் இருக்கிறது. கல்லறை தெரியாத 24,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களை அங்கே சுவரில் வெட்டியிருக்கிறார்கள். இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் உண்டு. சரியான காரியம். அதே யுத்தத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போகப்பட்டு, பல்லாயிரக்கணக்கில் செத்த தமிழ்த் தொழிலாளிக்கு இப்படி ஒரு சுவர் உண்டா? துப்பாக்கி பிடித்தவனுக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது. கோடரி பிடித்தவனுக்கு இல்லை. பட்டியல் இல்லாதவனுக்குக் கல் வெட்ட யாராலும் முடியாது.

முடியாத காரியமல்ல என்பதற்குச் சிங்கப்பூரிலேயே சாட்சி இருக்கிறது. அப்பர் தாம்சன் சாலையில், முன்பு ஹைனானியர் கம்பம் இருந்த இடத்தை 2019-ல் தாம்சன் இயற்கைப் பூங்காவாகத் திறந்தார்கள். படிக்கட்டையும் வீட்டுச் சுவரையும் இடிக்காமல் காட்டோடு விட்டிருக்கிறார்கள். அங்கே ரம்புத்தான் தோட்டம் போட்ட ஹான் வாய் தூன் என்ற குடியேறியின் பெயர் நினைவில் நிற்கிறது. ரம்புத்தானுக்கு இருக்கிற மரியாதை பால்மரத்துக்கும் வரலாம். நம்மவர்கள் காட்டுக்குள் விட்டுப் போனதும் முழுக்க அழிந்துவிடவில்லை. கடற்படைத் தளத் தொழிலாளர்கள் செம்பவாங்கில் ஒரு மரத்தடியில் 1960-களில் தொடங்கிய பாலசுப்பிரமணியர் வழிபாடுதான் இன்று ஈசூனில் 1996-ல் குடமுழுக்குக் கண்ட புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம். இடம் மாறியது, மரம் போயிற்று, பெயரில் மரம் இருக்கிறது. பங்குனி உத்திரத்தன்று அங்கே போனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் சிங்கப்பூர்க் கதை என்று தள்ளிவிட முடியாது. அங்கே ஐம்பது வருஷத்துக்கு முன் நடந்தது இங்கே இப்போது நடக்கிறது. ரப்பரைத் தள்ளிச் செம்பனை, செம்பனையைத் தள்ளி வீடமைப்பு, தொழிற்பேட்டை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டத்தை விற்றார்கள். பெயர் வேண்டாம். லயத்தைக் காலி செய்ய நோட்டீஸ் வந்தது. கோவிலுக்கு நாலு வருஷம் நடந்து ஒரு மூலையில் இடம் வாங்கினோம். இடுகாட்டுக்கு வாங்க முடியவில்லை. என் தாத்தா படுத்திருந்த இடத்தில் இன்று கார் நிறுத்துகிறார்கள். நிர்வாகத்திடம் கேட்டபோது, "அங்கே இடுகாடு இருந்ததாகப் பிளானில் இல்லையே" என்றார்கள். பிளானில் இல்லாதது உண்மைதான். பிளான் போட்டவன் நம்மைக் கேட்டுப் போடவில்லை.

1950-களில் வெள்ளைக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது நம் தலைவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லை. 1960-ல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். தொழிலாளியின் பணத்தைத் திரட்டித் தோட்டத்தையே வாங்கினார்கள். அவ்வளவு பெரிய காரியத்தை இன்று எல்லாக் கிளையும் செய்ய முடியாது. சிறிய காரியம் ஒன்றைச் செய்யலாம். தோட்டம் விற்பனைக்கு வருகிறதென்று காதில் விழுந்த அன்றே, வீட்டுக்கும் நஷ்ட ஈட்டுக்கும் கோவிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கேட்கிற கோரிக்கைப் பட்டியலில் இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று, இடுகாட்டை அளந்து பிளானில் ஏற்றுவது. மற்றொன்று, பழைய பால்மர நிரைகளில் ஒரு ஏக்கரையாவது வெட்டாமல் விடுவது. எந்த வீடமைப்புப் பகுதிக்கும் பூங்காவுக்கு நிலம் ஒதுக்கத்தான் போகிறார்கள். அந்தப் பூங்காவில் கடையில் வாங்கிய செடியை நடுவதற்குப் பதிலாக, ஏற்கனவே நிற்கிற மரத்தை நிற்க விடலாம். கம்பெனிக்கு இதனால் ஒரு வெள்ளி நஷ்டமில்லை. அங்கே ஒரு பலகையில் தோட்டத்தின் பெயரும், எந்த வருஷம் நட்டது, எத்தனை குடும்பம் இருந்தது என்பதும் தமிழிலும் மலாயிலும் இருக்க வேண்டும்.

வயிற்றுப் பாட்டைக் கவனிக்காமல் மரத்துக்கு மனுப் போடுவதா என்று ஒரு தோழர் என்னைக் கேட்டார். சம்பளக் கோரிக்கையில் ஒரு காசு குறைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. மேலும், தோட்டம் என்று ஒன்று இருந்ததே தெரியாமல் போனால், அங்கே குடியிருந்தோம் என்று வீட்டுக்கு வாதாடுவதற்கும் நமக்குச் சாட்சி இராது. எங்கள் இடுகாட்டு விஷயத்தில் அதுதான் நடந்தது.

கடவுச்சீட்டு எடுக்க முடியாத தோழர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். பிறந்தது இந்த மண்ணில், நீல அடையாளக் கார்டு மட்டும் கிடையாது. அவர்களை விட்டுவிட்டு நாற்பது பேர் மட்டும் பாலம் தாண்டிப் போவது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. அவர்களுக்காக ஜொகூரிலேயே குனோங் பூலாய் இருக்கிறது. அந்த மலைக் காடும் தண்ணீருக்காக மிஞ்சியதுதான். 1961 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் அங்கிருந்து எடுத்து வந்த தண்ணீர், ஒப்பந்தம் 2011 ஆகஸ்டில் முடிந்ததும் ஜொகூருக்குத் திரும்பியது. அடுத்த பயணத்தை அங்கே வைக்க எங்கள் கிளை தீர்மானித்திருக்கிறது.

உட்லண்ட்ஸ் பக்கம் போக விரும்பும் கிளைகளுக்குச் சில வார்த்தை. சிறு பிள்ளைகள் அதிகமாயிருந்தால் அட்மிரல்டி பூங்காவில் தொடங்கலாம். 27 ஹெக்டார். பாதிக்கும் மேல் காடும் சதுப்புமாக விட்டிருக்கிறார்கள். சுங்கை சீனா என்ற சிற்றாறு நடுவே ஓடுகிறது. பிள்ளைகளுக்குச் சறுக்கு மரம் இருபத்தாறு உண்டு. அதைப் பார்த்துவிட்டால் அவர்களைக் காட்டுக்கு இழுப்பது கஷ்டம், ஆகவே காட்டை முதலில் காட்டிவிடுங்கள். நடக்கத் தெம்பு உள்ளவர்கள் கிராஞ்சியில் இறங்கிப் பழைய ரயில் பாதையில் தெற்கே போகலாம். 2011 ஜூன் 30-ந் தேதி இரவு நம் ஜொகூர் சுல்தான் ஓட்டிச் சென்ற கடைசி ரயிலோடு அந்தப் பாதை ஓய்ந்தது. இப்போது ஜனங்கள் நடக்கிறார்கள். குரங்குக்குத் தின்பண்டம் நீட்ட வேண்டாம். அபராதம் ஐயாயிரம் சிங்கப்பூர் வெள்ளி வரையில் போகும், நம் சம்பளம் தாங்காது. பாதையை விட்டு இறங்கவும் வேண்டாம். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். பழைய வெட்டைப் படிக்கத் தெரிந்த ஒரு பெரியவரையோ பெரியம்மாவையோ கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.

மண்டாய், நீ சூன், செம்பவாங், உட்லண்ட்ஸ் பகுதித் தோட்டங்களில் வேலை பார்த்தவர்களோ, அவர்கள் பிள்ளைகளோ நம் வாசகர்களில் இருப்பார்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், கங்காணியின் பெயர், லயம் எந்தப் பக்கம் இருந்தது, யார் எங்கே அடக்கம், நினைவில் உள்ளதை எழுதி அனுப்புங்கள். எழுத முடியாத முதியவர்களிடம் கிளைக் கிராணிமார் போய் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். மழை மாதத்துக்கு முன் செய்தால் நல்லது. எங்களோடு வந்த பெரியம்மா இரண்டு தோட்டத்தின் பெயரைச் சொல்லி நான் எழுதி வைத்திருக்கிறேன். கடிதத்தின் மேல் "பழைய தோட்டப் பெயர்" என்று குறித்தால் பத்திரிகைக் காரியாலயத்தில் தனியாக எடுத்து வைப்பார்கள்.